சிரிப்பால் கடன் தீர்த்த மார்க் ருவெயின்

(சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளரும் நாவலாசிரியருமாகிய மார்க் ருவெயினின் வாழ்வு. நாயன்மாரைப் பற்றியும் நாவலரைப் பற்றியும் பேசி வருகின்ற இந்த மேடையிலே ஓர் அமெரிக்க விகடகவிக்கு என்ன வேலை என்று பெரியவர்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கு இரண்டு மறுமொழிகள் என்னிடம் உண்டு. முதலாவது, அவர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1896ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்து நம் நாட்டின் அழகைக் கண்டு வியந்தவர். காசியம்பதியிலே ஓர் இந்து சந்நியாசியைக் கண்டு அளவளாவியவர். இரண்டாவது மறுமொழி இதைவிட முக்கியமானது. நம் தமிழிலே ‘கடன்’ என்றொரு சொல் உண்டு. வாங்கிய பணமும் கடன்தான். செய்யவேண்டிய கடமையும் கடன்தான். இந்த இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்தார்கள் நம் முன்னோர். அந்த இரண்டையும் ஒன்றாகவே கண்டு, இரண்டையும் தீர்க்கப் பாடுபட்ட ஒரு மனிதரின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

சாமுவேல் லாங்ஹோர்ன் கிளெமென்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1835ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் தேதி, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே புளோரிடா என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த மாதத்திலேதான் ஹேலியின் வால்வெள்ளி சூரியனை அண்மித்துச் சென்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இந்த வால்வெள்ளி மீண்டும் வரும்.

நாலு வயதில் அவருடைய குடும்பம் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹன்னிபல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஆறு, காடு, குகை, நீராவிப் படகு, ஊர்ப் பையன்கள் என்று அந்த ஊரிலே அவர் கண்டவை எல்லாம் பிற்காலத்தில் கதைகளாயின. ஆனால் மிசூரி அடிமை முறை நிலவிய மாநிலம். மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி விற்ற இடம். ‘இது பிழை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாடசாலையில் சொல்லவில்லை, பத்திரிகையில் எழுதவில்லை. கோயிற் பிரசங்கமோ இது கடவுளுக்கு உகந்தது என்றே போதித்தது’ என்ற கருத்தில் அவர் முதுமையிலே எழுதியிருக்கிறார். கொடுமை செய்வோரெல்லாம் கொடிய முகத்தோடு இருப்பதில்லை. நல்லவர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து செய்யும்போது கொடுமை வழக்கமாகிவிடுகிறது. இந்த உண்மையை அவர் தம் சொந்த வீட்டிலேயே கற்றார்.

அந்த வீட்டிலே சான்டி என்றொரு சிறுவன் வாடகைக்கு வேலை செய்தான். தூரத்திலுள்ள மேரிலாந்திலிருந்து, தாய் தந்தையரிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைப் பையன். நாள் முழுவதும் பாடுவான், சீட்டியடிப்பான், கூச்சலிடுவான். இந்தச் சத்தம் தாங்கமுடியவில்லை என்று சிறுவன் சாமுவேல் ஒருநாள் தாயிடம் முறையிட்டான். தாயின் கண் கலங்கியது. அவன் பாடும்போது தன் துன்பத்தை மறந்திருக்கிறான் என்றுதான் எனக்கு ஆறுதல். அவன் பேசாமல் இருந்தால் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அஞ்சுவேன். அவன் இனித் தன் தாயைக் காணப்போவதில்லையே என்று அந்த அம்மையார் சொன்னார். அதற்குப் பின் அந்தப் பாட்டுச் சத்தம் அவனுக்குத் தொந்தரவாக இருக்கவில்லை. சிரிப்புக்கும் பாட்டுக்கும் பின்னே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

1847இல் தந்தையார் காலமானார். குடும்பம் வறுமையுற்றது. பையன் அச்சுக்கூடமொன்றில் எழுத்துக் கோக்கும் தொழில் பழகப் போனான். கல்லூரிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அச்சுக்கூடமும் நூல்நிலையமுமே அவருடைய கல்லூரிகள். 1857இல் ஹொராஸ் பிக்ஸ்பி என்பவரிடம் மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு செலுத்தும் தொழிலைக் கற்கத் தொடங்கினார். அந்த ஆறு நாளுக்கு நாள் கரையை மாற்றும், மணல்மேட்டை இடம்பெயர்க்கும். நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு ஒவ்வொரு வளைவையும் பகலிலும் இரவிலும் மனத்திலே வைத்திருக்கவேண்டும். 1859இல் அனுமதிப்பத்திரம் பெற்றார். இடையிலே, 1858இல், அவருடைய தம்பி ஹென்றி படகொன்றின் கொதிகலம் வெடித்ததால் இறந்தான். அந்தப் படகில் வேலை தேடிக்கொடுத்தவர் தமையனாகிய இவரே. அந்தத் துயரம் சாகும்வரை அவரை விட்டு நீங்கவில்லை.

‘மார்க் ருவெயின்’ என்ற புனைபெயரும் அந்த ஆறு கொடுத்ததுதான். படகின் முன்னே நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஆழம் பார்ப்பவன், நீர் இரண்டு பாக ஆழம், அதாவது பன்னிரண்டு அடி, இருக்கிறது என்றால் இப்படிக் குரல் கொடுப்பான். அந்த ஆழத்தில் படகு தரைதட்டாது. கரையோரத்துப் பிள்ளைகளுக்குப் பாகக் கணக்கை நான் விளக்கவேண்டியதில்லை. 1863 பெப்ரவரியிலே நெவாடாப் பிரதேசத்துப் பத்திரிகையொன்றில் அவர் இந்தப் பெயரை முதன்முதலாக இட்டு எழுதினார்.

அவர் நெவாடாவுக்குப் போன கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. ஆற்றுப் போக்குவரத்து நின்றது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்பகுதியார் பக்கத்துத் தொண்டர் படையொன்றில் இரண்டு வாரம் இருந்துவிட்டு, தமையன் ஓரியனோடு மேற்கே போனார். வெள்ளிச் சுரங்கம் தேடினார். வெள்ளி கிடைக்கவில்லை, பத்திரிகைத் தொழில் கிடைத்தது. 1865இல் வெளிவந்த தவளைக் கதை நாடெங்கும் சிரிப்பை மூட்டியது. 1867இல் ஐரோப்பாவுக்கும் பலஸ்தீனத்துக்கும் சென்ற பிரயாணிகளோடு தாமும் போய், 1869இல் ‘வெளிநாட்டில் அப்பாவிகள்’ என்ற நூலை வெளியிட்டார். பழம்பெருமை கண்டு வாய்பிளக்கும் தம் நாட்டவரையும் தம்மையுமே அதில் கேலிசெய்தார். 1870இல் ஒலிவியா லாங்டன் என்ற நற்குண நங்கையை மணந்தார். ஒலிவியாவின் தந்தையார் அடிமை முறையை எதிர்த்தவர். தப்பி ஓடிவந்த அடிமைகளுக்கு உதவிய குடும்பம் அது. இந்தத் திருமணம் அவருடைய பார்வையை இன்னும் விரிவாக்கியது.

1874இல் நடந்த ஒன்றை இங்கே குறிப்பிடவேண்டும். மனைவியின் சகோதரியார் வீட்டிலே மேரி ஆன் கோர்ட் என்ற கறுப்பினப் பெண் சமையல் செய்துவந்தார். எப்போதும் வாய்விட்டுச் சிரிப்பவர். அவரிடம், அறுபது வயதாகிறது, உனக்குத் துன்பம் என்பதே வந்ததில்லைப் போலும் என்று கேட்டுவிட்டார் நமது எழுத்தாளர். அந்த அம்மையார் எழுந்து நின்று தம் கதையைச் சொன்னார். ஏலத்திலே கணவனும் ஏழு பிள்ளைகளும் ஒவ்வொருவராக விற்கப்பட்டதும், கடைக்குட்டியைக் கட்டிப் பிடித்துக் கதறியதும், பல ஆண்டுகளுக்குப் பின் போர்க்காலத்தில் அந்த ஒரு மகனை மட்டும் தழும்பைக் கொண்டு கண்டறிந்ததும் அவர் வாயால் வெளிவந்தன. மார்க் ருவெயின் அதை அந்த அம்மையாரின் பேச்சிலேயே எழுதி ‘ஓர் உண்மைக் கதை’ என்ற தலைப்பில் வெளியிட்டார். சிரிக்கவைப்பதையே தொழிலாகக் கொண்டவர் எழுதிய அந்தக் கதையில், அவருடைய கேள்வி ஒன்றுதான் பகிடி. அதற்குக் கிடைத்த விடையோ அவரை வாய்மூட வைத்தது.

இதன் பின்னரே அவருடைய பெரிய நாவல்கள் பிறந்தன. 1876இல் ‘ரொம் சோயரின் சாகசங்கள்’ வந்தது. வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையை விளையாட்டாக்கி, மற்றப் பையன்களிடம் கூலியும் வாங்கிக்கொண்டு செய்வித்த குறும்பனை நம் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவார்கள். 1881இல் ‘இளவரசனும் ஏழையும்’ வந்தது. 1884 டிசெம்பரில் இங்கிலாந்திலும், 1885 தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ‘ஹக்கிள்பெரி பின்’ வெளியாயிற்று. இந்த நூலிலே சற்று நின்று செல்வோம்.

ஹக் என்பவன் குடிகாரத் தகப்பனின் மகன். ஊரிலே எவரும் மதியாத பையன். ஜிம் என்பவன் தன்னை விற்றுவிடப்போகிறார்கள் என்று அறிந்து ஓடிய அடிமை. இருவரும் ஒரு தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றில் மிதந்து போகிறார்கள். ஜிம்முக்கு உதவுவது திருட்டு, பெரும் பாவம், நரகத்துக்கு வழி என்றே ஹக் படித்திருக்கிறான். ஆகையால் அவனுடைய மனச்சாட்சி அவனை உறுத்துகிறது. எதற்காக உறுத்துகிறது? அடிமையைக் காட்டிக் கொடுக்கவில்லையே என்று உறுத்துகிறது! கடைசியிலே சொந்தக்காரிக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் மனம் தூய்மையானதுபோல் இருக்கிறது. ஆனால் ஜிம் தனக்காக இராக்காவல் இருந்ததையும், தன்னைத் தூங்கவிட்டதையும், தன்னைக் கண்டு மகிழ்ந்ததையும் நினைக்கிறான். கடிதத்தைக் கையிலெடுத்து நடுங்குகிறான். நரகம் கிடைத்தாலும் கிடைக்கட்டும் என்று துணிந்து அதைக் கிழித்தெறிகிறான்.

சபையோரே, இந்த இடத்தை நாம் நன்றாகச் சிந்திக்கவேண்டும். அவன் செய்தது புண்ணியம் என்று அவனுக்கே தெரியாது. பாவம் என்று நம்பிக்கொண்டே சரியானதைச் செய்கிறான். நல்ல இதயத்துக்கும் கோணிப்போன மனச்சாட்சிக்கும் நடந்த போரிலே மனச்சாட்சி தோற்கும் கதை இது என்று ஆசிரியரே 1895இல் தமது குறிப்பேட்டில் எழுதினார். மனச்சாட்சியின்படி நட என்று நாம் இளைஞருக்குப் போதிக்கிறோம். அந்த மனச்சாட்சியை யார் வளர்த்தது, எந்த ஊர் வழக்கம் அதற்குப் பால் கொடுத்தது என்று கேட்கவும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்கிறார் இவர். சாதி வழக்கமும் சீதன வழக்கமும் நல்லோர் பலரின் மனத்தை உறுத்தாமலே நெடுங்காலம் இருந்தன என்பதை அறிந்த நமக்கு இது விளங்காததன்று.

இந்த நூலை 1885இலேயே மசசூசெட்ஸ் மாநிலத்துக் கொன்கோட் நூல்நிலையம் விலக்கிவைத்தது. பிள்ளைகளைக் கெடுக்கும் முரட்டு நூல் என்றார்கள். இதனால் இன்னும் இருபத்தையாயிரம் பிரதிகள் விற்கும் என்று மகிழ்ந்தார் ஆசிரியர்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அதே 1885இல் யேல் சர்வகலாசாலையில் சட்டம் பயின்ற வோர்னர் மெக்குயின் என்ற கறுப்பின மாணவரைச் சந்தித்தார். அந்த மாணவர் பகுதிநேர வேலைகள் செய்து படித்துவந்தார். அவருடைய உணவுச் செலவை ஏற்க முன்வந்து சட்டக் கல்லூரித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த மக்களின் மனிதத் தன்மையை நசுக்கியவர்கள் வெள்ளையராகிய நாமே. வெட்கம் நம்முடையது, அவர்களுடையது அன்று. அதற்கு நாம்தான் ஈடுசெய்யவேண்டும் என்பது அதன் கருத்து. பாருங்கள், இதைத் தருமம் என்று அவர் சொல்லவில்லை, கடன் என்றார். இந்தக் கடிதம் 1985இலேதான் உலகறிய வெளிவந்தது. மெக்குயின் 1887இல் பட்டம் பெற்று போல்ற்றிமோர் நகரிலே சிறந்த சட்டத்தரணியானார். அங்கே அவர் ஊக்கமளித்த இளஞ்சட்டத்தரணி தேர்கூட் மார்ஷல். அந்த மார்ஷல்தான் 1967இல் அமெரிக்க உயர்நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசரானார். ஒரு மாணவனின் சாப்பாட்டுச் செலவு எங்கே போய்ச் சேர்ந்தது!

இன்னுமொரு கதை. உள்நாட்டுப் போரில் வடபகுதியை வெற்றிக்கு நடத்தியவரும் பின் ஜனாதிபதியாக இருந்தவருமான ஜெனரல் கிராண்ட், 1884இல் பங்காளியொருவனின் மோசடியால் பணம் அனைத்தையும் இழந்தார். தொண்டையிலே புற்றுநோய். குடும்பத்துக்காகத் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதத் தொடங்கினார். ஒரு பிரசுரக் கம்பனி நூற்றுக்குப் பத்து வீதம் தருவதாகச் சொன்னது. மார்க் ருவெயின் தமது கம்பனி மூலம் இலாபத்தில் எழுபது வீதம் தருவதாகக் கூறி நூலை வெளியிட்டார். எழுதி முடித்த சில நாளில், 1885 யூலையில், கிராண்ட் கண்மூடினார். 1886இல் அவருடைய விதவைக்கு இரண்டு இலட்சம் டொலருக்கு ஒரே காசோலை சென்றது. பின்னும் இவ்வளவு சென்றது. ஒரு காலத்தில் எதிர்ப்படையில் இருந்தவர் இவ்வாறு செய்தார்.

இப்படிப் பிறர் கடனைத் தீர்த்தவர் தாமே கடனில் வீழ்ந்தார். எழுத்துக் கோக்கும் வேலையை இயந்திரம் செய்யவேண்டும் என்பது அச்சுக்கூடப் பையனாய் இருந்த காலம் முதலே அவர் கண்ட கனவு. பேஜ் என்பவர் கண்டுபிடித்த ஓர் இயந்திரத்திலே பதினாலு ஆண்டுகளாகப் பணத்தைக் கொட்டினார். சுமார் மூன்று இலட்சம் டொலர் போயிற்று. அந்த இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கான உறுப்புகள். ஓடும்போது அற்புதமாக ஓடும், அடிக்கடி நின்றுவிடும். அதற்குள் லைனோடைப் என்ற எளிய இயந்திரம் பத்திரிகை உலகைப் பிடித்துக்கொண்டது. 1894 ஏப்பிரலில் அவருடைய பிரசுரக் கம்பனியும் வங்குரோத்தானது. ஏறத்தாழ ஒரு இலட்சம் டொலர் கடன்.

கடன்பட்டவன் நெஞ்சு எப்படிக் கலங்கும் என்பதை நம் நாட்டுப் பாமரரும் உவமையாகச் சொல்வர். சட்டம் அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. உள்ளதைக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். டொலருக்கு ஐம்பது சதம் பெற்றுக்கொண்டு கணக்கை மூடக் கடன்காரர் பலர் ஆயத்தமாயிருந்தார்கள். நண்பர் ஹென்றி ரொஜர்ஸ் என்ற எண்ணெய்க் கம்பனிச் செல்வர் வரவுசெலவைத் தம் கையிலே எடுத்து ஒழுங்குசெய்தார். ஆனால் ஒலிவியா அம்மையார் ஒரே பிடியாக நின்றார்: ஒரு சதமும் குறையாமல் எல்லாருக்கும் கொடுக்கவேண்டும். கணவரும் அதற்கு உடன்பட்டார். சட்டத்தைக் காட்டிலும் கௌரவம் கடுமையான எசமான். அது டொலருக்கு நூறு சதத்துக்குக் குறைந்து சம்மதிக்காது என்ற கருத்தை 1895இல் பத்திரிகைக்கும் அறிவித்தார்.

அப்போது வயது ஐம்பத்தொன்பது. காலிலே கட்டி, உடம்பிலே தளர்ச்சி. மேடைப் பேச்சோ அவருக்கு அலுத்துப்போன தொழில். ஆயினும் அந்த ஆண்டு யூலையில் மனைவியோடும் இரண்டாவது மகள் கிளாராவோடும் உலகம் சுற்றிப் பேசப் புறப்பட்டார். மூத்த மகள் சூசியும் இளையவள் ஜீனும் அமெரிக்காவிலே தங்கினர். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளைக் கடந்து 1896 ஜனவரி நடுப்பகுதியில் கொழும்பை அடைந்து பிரிஸ்டல் ஹொட்டேலில் தங்கினார்.

நம் நாட்டின் அழகிலே அவர் மயங்கிவிட்டார். மரங்களும் மலர்களும், அவற்றை வெல்லும் ஆடை நிறங்களும் அவருக்குக் கனவுலகம்போல் தோன்றின. அந்தக் கனவுக்குள்ளே ஒரு மிஷன் பாடசாலையிலிருந்து பதினாறு சிறுமிகள் இரண்டிரண்டு பேராக நடந்து வந்தார்கள். ஐரோப்பிய உடை, ஆங்கிலக் கிராமத்து ஞாயிற்றுக்கிழமைக் கோலம். எல்லாம் கெட்டது என்கிறார் அவர். அதன் பிறகு தம் குடும்பத்துப் பெண்களின் உடையைப் பார்த்து வெட்கினாராம். பின்பு தம்முடைய உடையைப் பார்த்து, தம்மோடு தாமே வீதியிற் போகவும் வெட்கினாராம். அவருடைய நகைச்சுவையின் முறையே இதுதான். அம்பை எய்வார், அது கடைசியில் தம் மார்பிலே வந்து தைக்கும்படி எய்வார்.

அடுத்து பம்பாய். அங்கே ஹொட்டேலிலே ஒரு வெள்ளையன் பணியாளன் ஒருவனின் தாடையிலே அறைந்தான். அறை வாங்கியவன் ஒன்றும் பேசாமல் பணிந்தான். அந்தக் கணத்திலே ஐம்பது ஆண்டுகள் மறைந்து, தாம் ஹன்னிபலில் நின்றதுபோல் இருந்தது என்று எழுதுகிறார். மென்மையானவரான தம் தந்தையும் லூயிஸ் என்ற அடிமைப் பையனைச் சிறு பிழைகளுக்காக அறைந்ததை நினைத்தார். தாம் பத்து வயதில் கண்ட ஒரு கொலையையும் நினைத்தார். வேலையைச் சற்றுத் தாறுமாறாகச் செய்த அடிமை ஒருவன்மீது எசமானன் இரும்புக் கல்லை வீசினான்; அவன் ஒரு மணி நேரத்தில் இறந்தான். ஊரில் எவரும் அந்தக் கொலையைச் சரியென்று ஏற்கவில்லை, ஆயினும் அதைப்பற்றி அதிகம் பேசவுமில்லை. கடல் கடந்து பணம் தேட வந்தவருக்கு, பணத்தால் தீராத பழைய கடன் ஒன்று பம்பாயிலே எதிர்ப்பட்டது.

காசியிலே சுவாமி பாஸ்கரானந்த சரஸ்வதியைத் தரிசித்தார். உடைமை எல்லாவற்றையும் துறந்து ஒரு தோட்டத்தில் வாழ்ந்த அந்த முனிவரை மக்கள் தெய்வமாகவே போற்றினர். சுவாமி தாம் எழுதிய நூலொன்றைக் கொடுக்க, இவர் பதிலுக்கு ‘ஹக்கிள்பெரி பின்’ பிரதியைக் கொடுத்தார். பிரமத்தைத் தியானிக்கும் நடுவே சற்று இளைப்பாற உதவும் என்பது அவருடைய பகிடி. காசியின் யாத்திரைச் சடங்குகளையும் கங்கை நீரையும் பற்றி அவர் எழுதிய கேலிகள் சில நம் மனத்தை நோகச் செய்யும், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் அதே இடத்தில் அவர் எழுதிய இன்னொன்றையும் சொல்லவேண்டும். தன் தெய்வத்தை வணங்குவதில் ஒரு பெருமையும் இல்லை, அது தானாக வரும்; தன் நம்பிக்கை அல்லாத பிறன் நம்பிக்கைக்கு மனமொப்பி மரியாதை செய்வதே அரிய பக்தி என்கிறார். பல சமயத்தவர் ஒன்றாக வாழும் எந்த நாட்டுக்கும் இது ஏற்ற வாக்கு.

ஏப்பிரலில் மீண்டும் கொழும்பு வழியாகப் பயணித்து, மொரீஷியஸ் கடந்து, தென்னாபிரிக்காவில் பேசிமுடித்து இங்கிலாந்தை அடைந்தார். பிள்ளைகள் வந்து சேரவேண்டிய நேரத்தில் சூசிக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தது. தாயும் கிளாராவும் கப்பலேறினர். அவர்கள் நடுக்கடலில் இருக்கும்போதே, 1896 ஓகஸ்ட் 18ஆந் தேதி, மூளைக்காய்ச்சலால் சூசி இறந்தாள். வயது இருபத்துநாலு. தந்தை தனியே நின்று தந்தியைப் படித்தார்.

அந்தத் துயரத்தோடே லண்டனில் இருந்து பிரயாண நூலை எழுதினார். எழுதவேண்டியிருந்தது, கடன் இருந்தது. ‘பூமத்திய ரேகையைப் பின்தொடர்ந்து’ என்ற அந்த நூல் 1897இல் வந்தது. துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்ன வள்ளுவர் வாக்கை ஓதுகிறோம். அதைச் செய்துகாட்டுவது எத்தகைய பாடு என்பதை இந்த நூல் எழுதப்பட்ட அறையை எண்ணிப் பார்த்தால் உணரலாம். 1898 தொடக்கத்திலே கடைசிச் சதம்வரை கொடுத்து முடித்தார்.

இதற்கிடையே, தாமே கடனாளியாய் இருந்த 1896இல், கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் என்ற மாணவியின் படிப்பு பணமின்றித் தடைப்படக்கூடாது என்று ரொஜர்ஸ் குடும்பத்துக்கு எழுதினார். அவர்கள் உதவினர், 1904இல் ஹெலன் கெல்லர் ராட்கிளிப் கல்லூரியிலே பட்டம் பெற்றார்.

சொந்தக் கடன் தீர்ந்ததும் அவர் ஓய்ந்திருக்கலாம். உலகமே கொண்டாடியது. ஆனால் 1900இல் தாய்நாடு திரும்பியவர், பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா அடக்கியாள முற்பட்டதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தின் உபதலைவர்களுள் ஒருவராகி, 1910இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். கொங்கோ நாட்டு மக்களை வதைத்த பெல்ஜிய மன்னன் லியோபோல்டைச் சாடி 1905இல் ஒரு சிறு நூல் எழுதி, அதன் வருமானத்தைக் கொங்கோ சீர்திருத்தச் சங்கத்துக்கே கொடுத்தார். வெற்றிக்காகச் செய்யும் பிரார்த்தனை என்பது மறுபக்கத்தில் எதிரியின் அழிவுக்கான பிரார்த்தனையே என்று காட்டும் ‘போர்ப் பிரார்த்தனை’ அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை, 1923இலேதான் வெளிவந்தது.

1904இல் மனைவி, 1907இல் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையின் பட்டம், 1909இல் நத்தாருக்கு முதல்நாள் இளைய மகள் ஜீனின் மரணம் என்று புகழும் துயரும் கலந்தே வந்தன. ஹேலியின் வால்வெள்ளியோடு வந்தேன், அதோடு போவேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். 1910 ஏப்பிரல் 20ஆந் தேதி அந்த வால்வெள்ளி சூரியனை அண்மித்தது. மறுநாள் 21ஆந் தேதி அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்றது என்ன? மேடைக்கும் ஏட்டுக்கும் உரிய செயற்கை நடையை விட்டு, சாதாரண மக்கள் பேசுவதுபோல அமெரிக்க இலக்கியத்தை எழுதவைத்தவர் அவரே. நவீன அமெரிக்க இலக்கியம் ‘ஹக்கிள்பெரி பின்’ என்ற ஒரே நூலிலிருந்து வருகிறது என்ற கருத்தை எழுத்தாளர் ஹெமிங்வே 1935இல் வெளியிட்டார். அவருடைய முழுச் சுயசரிதை, இறந்து நூறாண்டு கழித்து, 2010 முதல் 2015 வரை மூன்று பாகங்களாக வெளிவந்தது.

குறைகளும் உண்டு. அமெரிக்க ஆதிக்குடிகளைப் பற்றி அவர் இளமையில் எழுதியவை இழிவானவை. ‘ஹக்கிள்பெரி பின்’ நூலில் கறுப்பினத்தவரை இழிவாகச் சுட்டும் சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. அதைப் பாடசாலையில் படிப்பிக்கலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 2011இல் அந்தச் சொல்லை மாற்றியே ஒரு பதிப்பு வந்தது. 2024இல் பேர்சிவல் எவரெட் என்ற கறுப்பின எழுத்தாளர் அதே கதையை ஜிம்மின் வாயாலே சொல்லி ‘ஜேம்ஸ்’ என்ற நாவலை எழுதினார்; அதற்கு 2025இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நூற்றுநாற்பது ஆண்டு கழித்தும் மறுமொழி கேட்கும் நூல் செத்த நூலல்ல.

இளைஞர்களே, நீங்கள் ஆண்டுதோறும் நகைச்சுவை நாடகம் மேடையேற்றுகிறீர்கள். சபையைச் சிரிக்கவைப்பது எளிது. ஏழையின் பேச்சையோ ஊனமுற்றவனின் நடையையோ காட்டினால் போதும். மார்க் ருவெயின் முதிர்ந்த காலத்திலே தேர்ந்த வழி வேறு. வலியவனைப் பார்த்துச் சிரித்தார், வழக்கத்தைப் பார்த்துச் சிரித்தார், எல்லாருக்கும் முன்னதாகத் தம்மைப் பார்த்துச் சிரித்தார். பெரியோர்களே, தாம் பட்ட கடனை மட்டுமன்றித் தம் முன்னோர் பட்ட கடனையும் தம்முடையதென்று எழுதி ஒப்புக்கொண்டார் அவர். நாம் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்ற கணக்கை, நம் வீட்டிலும் ஊரிலும் இருந்து தொடங்கி, அவரவர் எழுதிப் பார்ப்போமாக. சட்டம் ஐம்பது சதத்தோடு விட்டுவிடும் இடத்திலும் நூறு சதம் கொடுக்கத் துணிவு வருமாக.